ஆயாவைப் பேங்குக்குக் கூட்டிப்போ

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆயாவுக்கு முழங்கால் வலி தேவலையா? "அங்க யாருமே பணத்தைக் கையால தொடறதில்லையாமே" என்று போனில் கேட்டாய். டியூட்டிக்குக் கிளம்பும் அவசரம், பதில் சொல்லவில்லை.

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நான் இருக்கும் இந்த ஊர் நம் பேரணாம்பட்டில் பாதிகூட இருக்காது. கடைத்தெருவில் மிச்சமிருந்த ஒரே பேங்கையும் மூடிவிட்டார்கள். சுவரிலிருந்த ஏடிஎம்மும் அதோடு போயிற்று. 2015-லிருந்து பிரிட்டன் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல் கிளைகளை மூடியிருக்கிறார்கள். எல்லோரும் போனிலேயே கணக்குப் பார்க்கிறார்களாம், கிளைக்கு ஆள் வருவதில்லையாம்.

நான் டியூட்டியில் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாவுக்கு வயது 84. பாலுக்கு, காய்கறிக்கு, கரண்டுக்கு என்று தனித்தனி கவரில் பணம் போட்டு வைப்பார். நீ அரிசி டப்பாவில் முடிந்து வைப்பாயே, அதேதான். கார்டு தேய்த்தால் எவ்வளவு போனது என்று கைக்குத் தெரியவில்லை என்பார். அடுத்த ஊர் பேங்குக்கு பஸ் ஏற முடியாமல், கார்டையும் ரகசிய எண்ணையும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். எனக்குப் பகீரென்றது. லீவு நாளில் போஸ்ட் ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பணம் எடுத்துக் கொடுத்தேன். அங்கே கட்டணம் இல்லை.

2023-ல் சட்டம் போட்டிருக்கிறார்கள். கிளையை மூடுமுன் ஊராருக்குப் பணம் எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ஊர்களில் பல பேங்குக்கும் பொதுவாக ஓர் இடம் திறந்து, நாளுக்கு ஒரு பேங்க் ஆள் வந்து உட்காருகிறார். இங்கேயும் அப்படி வேண்டுமென்று மனு எழுதினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஆனால் சட்டம் காப்பது பணத்தைத்தான். கிளையையோ, பெயர் சொல்லிக் கூப்பிடும் கேஷியரையோ அல்ல. பெரியம்மாவுக்கு அந்தக் குறைதான் பெரிது.

அதனால்தான் சொல்கிறேன். ஆயாவின் 1,200 ரூபாய் பென்ஷனுக்கு, கைரேகை மெஷினோடு வந்து பணம் கொடுக்கிறவரை மட்டும் நம்பாதே. பீடி சுற்றித் தேய்ந்த விரல், ரேகை விழாது. விழவில்லை என்று திரும்பத் திரும்ப வைக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் ரசீது கேள். மாதம் ஒருமுறை ஆட்டோ வைத்து ஆயாவைக் குடியாத்தம் பேங்குக்கே கூட்டிப்போ, பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வா. ஆட்டோ காசு நான் அனுப்புகிறேன்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மகள்