ஒரு சிப்பாய் கூடுதல்

பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்புள்ள முருகையா,

முட்டிவலிக்கு நீ சொன்ன தைலம் பரவாயில்லை. வீட்டுச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். இன்றைய ஆட்டத்தைச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஜார்ஜ்டவுனில் வார இறுதிச் சதுரங்கப் போட்டி, கடைசிச் சுற்று. எதிரே உட்கார்ந்த பையனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இராது. எனக்கு வெள்ளை. பழக்கப்படி மூன்றாவது நகர்த்தலில் மந்திரியை அவன் குதிரைமேல் ஏவினேன். நம் ஸ்பானியத் தொடக்கம்தான். பையன் யோசிக்கவே இல்லை, மற்றக் குதிரையை வெளியே எடுத்தான். பெர்லின் தடுப்பு!

எட்டாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போயின. அவன் ராஜா, ஓரமாகப் பத்திரப்பட்டுக் கோட்டை கட்டும் உரிமையை இழந்து நடுவில் நின்றது. நாம் பள்ளியில் இப்படி ஆடியிருந்தால் வாத்தியார் குட்டியிருப்பார். ஆனால் ராணி இல்லாத பலகையில் ராஜாவை யார் மிரட்டுவது? 2000இல் லண்டனில் உலகச் சாம்பியனாக இருந்த காஸ்பரோவே இந்தச் சுவரில் முட்டிக்கொண்டவர்தான். கிராம்னிக் கறுப்பில் நான்கு முறை இதை ஆடினார், நான்கும் டிரா, பட்டமும் கைமாறியது. 2013இல் சென்னையில், உலகப் பட்டப் போட்டியின் நான்காவது ஆட்டத்தில், கார்ல்சனும் நம் ஆனந்தை இப்படித்தான் நிறுத்தினார். 64 நகர்த்தல்கள். அன்று தொலைபேசியில் நீ என்னைத் திட்டியது நினைவிருக்கிறதா, ஏதோ நான்தான் ஆடியது போல?

எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தது. கிடைத்து என்ன? அவன் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடுவது, என்னுடையது கறுப்பில் மட்டுமே. ஒரே தெருவில் குடியிருந்தும் முகம் பார்க்காத பங்காளிகள். என் சிப்பாய் அடுத்துக் கால் வைக்க வேண்டிய வெள்ளைக் கட்டத்தில் அவன் ராஜா வந்து சம்மணமிட்டது. அரை மணி நேரம் முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டு, “டிராவா தம்பி?” என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே கையை நீட்டிவிட்டான்.

லெபோ பாசாரில் தே தாரிக் குடிக்கும்போதுதான் உறைத்தது. யானைகளை வெட்டிக்கொள்ள வழிவிட்டவன் நானே. யானை இருந்திருந்தால் அந்த மந்திரிகளின் நிற வேற்றுமை தாக்குபவனுக்குத்தான் லாபம். சின்னப் பையனிடம் தோற்றுவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறேன், வேறொன்றுமில்லை.

நகர்த்தல்கள் எழுதிய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். 34ஆவதில் யானையை விட்டுக்கொடுக்காமல் ஆடிப் பார்த்து எழுது. தொலைந்த கறுப்புக் குதிரைக்குப் பழையபடி போத்தல் மூடியை வைத்துக்கொள்.

உன்,
சுப்பு