சதவீதம் வேண்டாம், டன் கணக்கு கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெரிய குடியிருப்புத் திட்டமோ வணிக வளாகமோ வரும்போது, அதனால் எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியேறும் என்று உள்ளாட்சி அமைப்புகள் முன்கூட்டியே கணக்குக் கேட்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "வழக்கம்போல் கட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்கும், நாங்கள் அதில் 30 சதவீதம் குறைத்துவிட்டோம்" என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்தால் அதையே பெரிய சாதனையாக எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது, அதை எதிர்த்துத்தான் இந்தக் கடிதம்.

அந்த "வழக்கம்போல்" கட்டடம் எங்கேயும் கிடையாது. அதை எவ்வளவு மோசமாகக் கற்பனை செய்கிறோமோ, அந்த அளவுக்கு நிஜத் திட்டம் நல்லதாகத் தெரியும். கலிஃபோர்னியாவில் நியூஹால் ரான்ச் என்ற திட்டம், 20,000க்கும் அதிகமான வீடுகள். திட்டத்துக்கு முன் அந்த நிலத்திலிருந்து ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் பசுமை இல்ல வாயு வெளியேறியது, எல்லாம் கட்டி முடித்தால் அது சுமார் 2,69,000 டன் ஆகும் என்று சுற்றுச்சூழல் அறிக்கையே சொன்னது. அப்படியும் "குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை" என்று முடித்தார்கள். எப்படி என்றால், எந்த நடவடிக்கையும் எடுக்காமல் கட்டினால் சுமார் 3,90,000 டன் வந்திருக்குமாம், அதோடு ஒப்பிட்டால் 31 சதவீதம் குறைவு, மாநிலம் முழுவதற்குமான இலக்கு 29 சதவீதம்தான், ஆகவே திட்டம் தேறிவிட்டது. 2015இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. மாநிலத்துக்கு வைத்த சதவீதம் ஒரு தனித் திட்டத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது. சரியான கேள்வி. ஏற்கெனவே நிற்கும் பழைய கட்டடங்களை மாற்றுவது கஷ்டம், புதிதாகக் கட்டுகிறவர்தான் ஆரம்பத்திலேயே அதிகம் குறைக்க முடியும், அவரிடம் சராசரி அளவு மட்டும் கேட்டால் எப்படி?

அப்புறம், எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறார்கள் என்பது. விளக்கு, ஏசி, தண்ணீர் மோட்டார் என்று கட்டடம் ஓட ஆரம்பித்த பிறகு ஆகும் எரிசக்திச் செலவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளும் விதிகள் நிறைய உண்டு. ஆனால் கட்டுமானப் பொருள்களைத் தயாரிக்கும்போதே வாயு வெளியேறத் தொடங்கிவிடுகிறது. சிமென்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அந்தக் கல்லுக்குள்ளிருந்தே கார்பன் டை ஆக்சைடு பிரிந்து வருகிறது, சூளைக்கு எவ்வளவு சுத்தமான எரிபொருள் போட்டாலும் அந்தப் பங்கு குறையாது. தரைக்குக் கீழே இரண்டு அடுக்குப் பார்க்கிங் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்த வேண்டும், பக்கவாட்டு மண் சரியாமல் தாங்கத் தடித்த கான்கிரீட் சுவர், கம்பி, காற்றை வெளியேற்ற மின்விசிறி, இவ்வளவும் செய்த பிறகு அங்கே நிற்கப்போவது கார், அந்தக் காரும் தினமும் ஓடும். மின்கட்டணக் கணக்கு மட்டும் பார்க்கும் விதிக்கு இதில் மின்விசிறி ஒன்றுதான் தெரியும். லண்டனில் 2021ஆம் ஆண்டுத் திட்ட விதிகள், மேயரின் பார்வைக்குப் போகும் பெரிய திட்டங்கள் எல்லாம் கட்டுமானப் பொருளில் தொடங்கிக் கடைசியில் இடிப்பது வரை முழு ஆயுளுக்கும் கார்பன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்கின்றன. டென்மார்க் இன்னும் ஒரு படி மேலே போய், தேசிய விதியாகவே, 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டடங்களுக்கு 2023 முதல் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 12 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று உச்சவரம்பு வைத்தது, 2025இல் அதை மேலும் இறுக்கியது. கிலோவில் சொன்னால் தப்பிக்க வழியில்லை.

சின்னத் திட்டங்களுக்கும் இவ்வளவு கணக்கு வேண்டுமா என்றால், என் கருத்தில் வேண்டாம். கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் காற்றுத் தரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பு 2010இல் ஆண்டுக்கு 1,100 டன் என்று ஓர் எல்லை வைத்திருந்தது, 2022இல் அதை விட்டுவிட்டு நேரடிக் கேள்விகளுக்கு மாறியது: சமையலுக்கும் வெந்நீருக்கும் எரிவாயுக் குழாய் இருக்கிறதா, மின்வாகனம் சார்ஜ் செய்ய ஏற்பாடு உண்டா, கார் பயணத்தைக் குறைக்கும்படி இடம் அமைந்திருக்கிறதா. வரைபடத்தைப் பார்த்தே ஒரு பொறியாளர் ஆம், இல்லை என்று சொல்லிவிடலாம். சிறிய கட்டடங்களுக்கு இது போதும். ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டுகிறவர்களிடம் முழு டன் கணக்கையும் கேட்க வேண்டும், ஒரே மனையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் "சின்னத் திட்டம்" என்று கொண்டுவந்தால் மொத்தத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது, ஆட்கள் குடியேறிய பிறகு நடக்க வேண்டிய சோதனை. அனுமதிக்காக எழுதிய எண்ணையும் மீட்டர் காட்டும் எண்ணையும் யாராவது ஒப்பிட வேண்டாமா? லண்டனில் பெரிய கட்டடங்கள் உண்மையான எரிசக்திப் பயன்பாட்டைக் குறைந்தது 5 ஆண்டுகள் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. எல்லா உள்ளாட்சிகளும் இந்த ஒரு நிபந்தனையையாவது அனுமதிக் கடிதத்திலேயே சேர்த்து, இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்