ஜி.எஸ்.டி. சாலையில் இரண்டு பலகைகள் வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தந்தை, குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் குரோம் தோல் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாலையில் அவர் சட்டையைக் கழற்றினால் பதனிட்ட தோலின் வாடை வீடெங்கும் பரவும். அந்தத் தொழிற்சாலையால்தான் எங்கள் ஊருக்குக் குரோம்பேட்டை என்று பெயர் வந்தது. கடந்த வாரம் எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி, "குரோம் என்றால் யார், தாத்தா?" என்று கேட்டபோது மனம் கனத்துவிட்டது.

எங்கள் ஊர் வழியே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறார்கள். 1949இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) இங்கேதான் இருக்கிறது. தமது பங்களாவை விற்று அந்தப் பணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி அமைத்த மனிதர் அவர்! பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அங்கேதான். இன்னும் சற்றுத் தெற்கே, 1928இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்ற பெயரைத் தந்த இடம் அது. காசநோய்க்கு மாத்திரை இல்லாத காலத்தில் நல்ல காற்றும் ஓய்வும் சத்துணவும்தான் சிகிச்சை. அதற்காகவே சென்னை நகரைவிட்டு இத்தனை தூரம் வந்தார்கள்.

இந்த இரு வளாகங்களின் வாயிலிலும் தமிழில் நான்கு வரி வரலாறு எழுதிய பலகை வைக்க வேண்டும். தொழிற்சாலை இருந்த இடத்தையும் ஒரு கல்லாவது அடையாளம் காட்டட்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
குரோம்பேட்டை.