சுகர் மாத்திரை வரும் வீட்டுக்கு மனநலமும் வரட்டும்

ஆசிரியருக்கு,

மனம் சோர்ந்துபோனவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்லிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருவது எங்கள் கடற்கரையில் அபூர்வம். 'கை கால் ஓய்ச்சல்', 'நெஞ்சு படபடங்குது', 'சோறு இறங்கல' என்றுதான் வருகிறார்கள். சத்து ஊசியோடும் கேஸ் மாத்திரையோடும் திரும்புகிறார்கள். அவருக்குச் சுகரும் இருந்து, அது குறையாவிட்டால் மாத்திரையின் அளவு கூடுகிறது. மனச்சோர்வில் மாத்திரையே போடாமல் முடங்கிக் கிடக்கிறார் என்பது கவனத்துக்கு வருவதில்லை.

உடலையும் மனத்தையும் ஒரே குழு பார்க்கும் கூட்டுச் சிகிச்சை முறை இதற்கென்றே உருவானது. சென்னை உட்பட இந்திய நகரங்களின் 4 நீரிழிவு சிகிச்சை மையங்களில் 404 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சுகர், பிரஷர், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது இறங்கியவர்கள் இந்த முறையில் 71.6 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 57.4. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்த கணக்கு இது.

இதன் அச்சாணி மனநல மருத்துவர் அல்ல, பதிவேடும் கையுமாகப் பின்தொடரும் ஒரு நர்ஸ் அல்லது ஆலோசகர். மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விப் படிவத்தில் 27க்கு 10 அல்லது அதற்கு மேல் எடுத்தவரை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் பார்க்கிறார். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும் என்பதால் அந்த இரண்டையும் சோதித்துவிட வேண்டும். முன்பு எப்போதாவது பல நாள் தூக்கமே வேண்டாமல் அளவுகடந்த உற்சாகத்தில் இருந்தாரா என்றும் கேட்க வேண்டும். 'ஆம்' என்றால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுப்பது ஆபத்து.

மாத்திரை தொடங்கிய ஒரு வாரத்துக்குள் பணியாளரின் போன் போக வேண்டும். குமட்டல் முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் எடுக்க வேண்டும். எட்டு, பத்து வாரத்தில் அது பாதியாகவில்லை என்றால் மருந்தையோ அளவையோ மாற்ற வேண்டும். மனநல மருத்துவர் வாரம் ஒரு மணி நேரம் பணியாளரோடு பதிவேட்டைப் பார்த்து, தேறாதவர்களுக்கு மட்டும் யோசனை சொன்னால் போதும். தொண்டியிலிருந்தும் பாம்பனிலிருந்தும் எல்லோரும் இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

தவறுகள் நடக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறோம். மாமியாரை வைத்துக்கொண்டு மருமகளிடம் கேட்டால் ஒன்பதுக்கும் பதில் 'இல்லை'தான். இரவில் தொழிலுக்குப் போகிறவரிடம் தூக்கத்தைப் பற்றிக் கேட்கும்போது, கரையில் இருக்கும் நாள்களை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி, சாகலாம் என்ற நினைப்பு பற்றியது. அதற்கு 'ஆம்' வந்த படிவத்தை மாலை வரை மற்ற படிவங்களோடு கட்டி வைத்திருப்பது மன்னிக்க முடியாத பிழை. அவரைத் தனியே விடாமல், அந்த நிமிடமே மருத்துவரிடம் பேச வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் எந்நேரமும் இயங்குகிறது.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதும் தனித்தனியாகச் சிகிச்சை பெறுவதால்தான். வலை இழுத்த தோள்வலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு அபாயம் கூடுகிறது. மனநிலை ஏற்ற இறக்க நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவர் வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலோ, இதே வலி மாத்திரையைப் போட்டாலோ, மருந்து ரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். கடலுக்குப் போகிறவர்களும் பாசி எடுக்கும் பெண்களும் உள்ள ஊரில் இதை ஒவ்வொரு சந்திப்பிலும் சொல்ல வேண்டும். ஓலன்சபின் என்ற மனநோய் மருந்து எடையையும் சுகரையும் ஏற்றும். தொடங்கும் அன்றும் மூன்றாம் மாதமும் எடை, சுகர் பார்க்காமல் அதைத் தொடரக் கூடாது.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட மாவட்டம் இது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய்க்கும் உடல்நோய்க்கும் சமமான சிகிச்சை வேண்டும் என்கிறது. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதே பையில் மனநல மாத்திரையும், அதே நோட்டில் ஒன்பது கேள்வியும் சேர வேண்டும். வட்டாரத்துக்கு ஒருவரையாவது இந்தப் பின்தொடரும் வேலைக்கென்றே நியமிக்க வேண்டும். மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் தலையில் இதையும் கட்டினால் படிவம் நிரம்பும், நோயாளி தேறமாட்டார்.

மண்டபம் வட்டாரத்தில் மீன்பிடித் தடைக்காலத்தில் இதைத் தொடங்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள். முதல் வாரத்திலேயே மதிப்பெண் எடுத்துவிட்டால் எட்டு வார முடிவு அவர்கள் மறுபடி கடலேறுமுன் கையில் இருக்கும். வருமானம் இல்லாத காலத்தின் கவலையும் அந்த மதிப்பெண்ணில் கலந்திருக்கும். ஆகவே ஜூலையில் ஒருமுறை மறுபடியும் கேட்க வேண்டும், படகு கரைக்கு வரும் நேரம் பார்த்து.

இப்படிக்கு,
சமூக மனநலப் பணியாளர்கள் சிலர்,
மண்டபம்