மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை: ஜோகன்னஸ்பர்க் கோயில் உறுப்பினர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

கோயிலை ஒட்டிய பழைய கூட்ட மண்டபத்தின் திருப்பணி நிறைவடைந்தது. கூரைத் தகடுகளை மாற்றினோம். உத்திரங்களில் கறையான் அரித்த பகுதியை மட்டும் வெட்டிவிட்டுப் புது மரம் சேர்த்தோம். மின்கம்பிகள் முழுவதும் புதியவை.

செலவில் பெரும்பங்கு சுவருக்குப் போனது. அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். பின்னாளில் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாததால் செங்கல் உள்ளுக்குள்ளேயே பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. பூச்சைக் கையால் கொத்தி எடுத்து, சுவர் காயும்வரை காத்திருந்து, மறுபடி சுண்ணாம்பு பூசினோம். வேலை நீண்டதற்கு இதுவே காரணம்.

இடித்துவிட்டுப் பெரிய கல்யாண மண்டபம் கட்டலாம் என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். 60 ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தில் கை வைக்க மாகாண மரபு ஆணையத்தின் அனுமதி தேவை என்கிறது 1999 ஆம் ஆண்டின் 25 ஆம் எண் தேசிய மரபு வளங்கள் சட்டம். சட்டம் தடுக்காவிட்டாலும் குழு இதற்கு இசைந்திராது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950 இன் குழுப் பகுதிச் சட்டத்தால், நகரையொட்டிய ஃபீட்டாஸ் பகுதியிலிருந்து நம்மவர்களைத் தொலைவில் இந்தியருக்கென ஒதுக்கிய லெனேசியாவுக்குத் துரத்தினார்கள். வீடுகளையும் கடைகளையும் இடித்துத் தள்ளினார்கள். தப்பிய சுவர்கள் மிகக் குறைவு. அவற்றையும் நாமே இடிப்பதா?

2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, மண்டேலா நினைவிடங்கள் என்ற பெயரில் நம் நாட்டின் 14 இடங்களை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. 1960 மார்ச் 21 இல் கறுப்பினத்தவரின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய பாஸ் சட்டங்களை எதிர்த்துக் கூடியவர்களைக் காவலர் சுட்டு, அரசுக் கணக்குப்படியே 69 பேர் இறந்த ஷார்ப்வில்லும், 1976 ஜூன் 16 இல் ஆஃப்ரிக்கான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போன சொவெட்டோவின் ஒர்லாண்டோ மேற்குத் தெருக்களும் அதில் உண்டு. காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த பழைய கோட்டைச் சிறை நிற்கும் அரசியலமைப்புக் குன்றும் உண்டு. அங்கே அரசியலமைப்பு நீதிமன்றம் எழும்பியபோது, விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை அகற்றினாலும் அதன் படிக்கட்டுக் கோபுரங்களை விட்டுவைத்தார்கள். அதன் செங்கற்களையே நீதிமன்றத்துக்குள் வைத்துக் கட்டினார்கள். குழு அங்கே போய்ப் பார்த்த பிறகுதான், விழுந்து கிடந்த நம் மதிற்சுவர்ச் செங்கற்களைக் கழுவி மண்டபத்தின் பொரிந்த இடங்களில் பொருத்த முடிவு செய்தது.

நம் மண்டபம் அந்தப் பட்டியலுக்குப் போகப்போவதில்லை. ஆனால் 1908 ஆகஸ்டில் ஹமீதியா பள்ளிவாசல் முன்பு, ஆசியர் மீது அரசு சுமத்திய பதிவுச் சான்றுகளைத் தீயிலிட்ட கூட்டமும், காந்தியின் தோழர் தம்பி நாயுடு திரட்டிய சத்தியாக்கிரகிகளும், அந்தப் போராட்டத்தில் சிறை சென்று உயிர் நீத்து பிராம்ஃபொன்டைன் கல்லறைத் தோட்டத்தில் உறங்கும் நாகப்பனும் தில்லையாடி வள்ளியம்மையும் இதே ஊரார். 1914 இல் சிறையிலிருந்து வெளிவந்த சில நாளில் இறந்தபோது வள்ளியம்மைக்குப் பதினாறே வயது. அவர்கள் காலத்து ஊர் எப்படி இருந்தது என்று நம் பேரப்பிள்ளைகள் தொட்டுப் பார்க்க ஓரிரு சுவராவது வேண்டும்.

தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பொருளும் உழைப்பும் தந்த அனைவருக்கும் நன்றி. சுவரில் ஆணி அடிக்கவோ எண்ணெய்ச் சாயம் பூசவோ வேண்டாம். ஆண்டுதோறும் அக்டோபர் மழைக்கு முன் கூரைத் தாழ்வாரக் குழாய்களைத் துப்புரவாக்க இளைஞர் அணி பொறுப்பேற்றுள்ளது. மண்டபத்தின் பக்க அறையில் சிறு காட்சியகம் அமைக்கிறோம். இடம்பெயர்வு ஆணை, பாஸ் சட்டக் கால அடையாளப் புத்தகம், பழைய புகைப்படம் எது வீட்டில் இருந்தாலும் செயலாளரிடம் காட்டுங்கள். படியெடுத்துக்கொண்டு மூலத்தை உங்களிடமே திருப்பித் தருவோம்.

திருப்பணிக் குழு