மேற்கோள் குறிக்குப் பதினைந்து வருஷம்

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. வலது கண்ணில் புரை எடுத்ததால் கொஞ்ச நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் பதில் தாமதம். இப்போது எழுத்து பளிச்சென்று தெரிகிறது. கட்டு பிரித்ததும் உட்கார்ந்து படித்தது ஓர் உக்ரைன்காரரைப் பற்றி. பெயர் ஸ்தனிஸ்லாவ் அசேயெவ்.

அச்சகத்தில் நாம் புரூஃப் பார்த்த காலத்தில், மேற்கோள் குறி ஒற்றையா இரட்டையா என்று ராத்திரி பத்து மணிக்குச் சண்டை போடுவோமே, ஞாபகம் இருக்கிறதா? கம்பாசிட்டர் கொட்டாவி விட்டபடி நிற்பார். இந்த மனிதர் ஜெயிலுக்குப் போனதில் அந்தக் குறிக்கும் பங்கு உண்டு.

1989-இல் கிழக்கு உக்ரைனில் இருக்கும் தோனெத்ஸ்கில் பிறந்தவர். தத்துவம் படித்துவிட்டு நாவல் எழுதிக்கொண்டிருந்தார். 2014-இல் ரஷ்யா ஆதரவுப் படைகள் ஊரைப் பிடித்து ‘தோனெத்ஸ்க் மக்கள் குடியரசு’ என்று பெயர் வைத்தபோது நிருபர்கள் பெரும்பாலும் கிளம்பிவிட்டார்கள். இவர் கிளம்பவில்லை. ஸ்தனிஸ்லாவ் வாசின் என்ற புனைபெயரில் அமெரிக்க நிதியில் நடந்த ரேடியோ லிபர்ட்டிக்கும் தலைநகர் கீவ் பத்திரிகைகளுக்கும் உள்ளே இருந்தபடியே எழுதினார். போர்முனைச் செய்தியோடு நிற்கவில்லை. ஊர்க்காரர்கள் ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள், பழைய சோவியத் நினைப்பு எப்படி இன்னும் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் பார்த்தார். திட்டி எழுதுவது சுலபம். பக்கத்து வீட்டுக்காரனைப் புரிந்துகொண்டு எழுதுவதுதான் கஷ்டம், அதுவும் அவன் காட்டிக்கொடுக்கக்கூடிய ஊரில்.

2017 மே மாதம் பிடித்துவிட்டார்கள். உளவு பார்த்தார், தீவிரவாதம் செய்தார் என்று வழக்கு. தீவிரவாதத்துக்கு ஓர் ஆதாரம் என்ன தெரியுமா? கட்டுரைகளில் அந்தக் ‘குடியரசு’ பெயரை, நிஜக் குடியரசு இல்லை என்பதுபோல, மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தாராம்! தண்டனை 15 வருஷம். நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவன் நான். அந்தக் குறியை இவ்வளவு கவனமாகப் படித்த வாசகர்கள் வேறு எங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

அவரை அடைத்த இடத்தின் பெயர் இஸொல்யாத்சியா. காப்பிடும் பொருள் (இன்சுலேஷன்) செய்த பழைய தொழிற்சாலை அது. 2010-இல் கலைக்கூடமானது, 2014-இல் ஆயுதக்காரர்கள் பிடித்து ரகசியச் சிறையாக்கினார்கள். அந்தச் சொல்லுக்குக் காப்பிடுதல் என்றும் பொருள், தனிமைப்படுத்துதல் என்றும் பொருள். தெருவின் பெயர் ‘ஒளிப்பாதை’. நாம் கதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் ‘ரொம்ப ஓவர்’ என்று அடித்திருப்பார். அறையில் விளக்கை இரவிலும் அணைப்பதில்லை. கதவுச் சத்தம் கேட்டதும் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். மின்சாரம் வைத்த கதையை உனக்கு எழுத மனசு வரவில்லை.

மொத்தம் 962 நாள், அதில் 28 மாதம் இந்த இடத்தில். 2019 டிசம்பர் 29 அன்று கைதிகள் பரிமாற்றத்தில் வெளியே வந்தார். மறு வருஷமே அந்தச் சிறையைப் பற்றிப் புத்தகம் எழுதிவிட்டார். பழைய கட்டுரைகளின் தொகுப்புக்கு 2021-இல் உக்ரைனின் தேசியப் பரிசான ஷெவ்சென்கோ பரிசு கிடைத்தது.

அதே 2021 நவம்பரில்தான் இன்னொன்று நடந்தது. கைதிகள் ‘பாலிச்’ என்று சொல்லி நடுங்கிய அந்தச் சிறைத் தலைவன், பெயர் குலிகோவ்ஸ்கி, கீவ் நகரத்திலேயே சாவகாசமாகக் குடியிருந்தது தெரிந்து கைதானான். அவனைத் தேடிப் பிடிப்பதில் அசேயெவுக்கும் பங்கு உண்டு. 2024 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. அவனுக்கும் அதே 15 வருஷம். இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு ஒரு காப்பி போட்டுக் குடித்தேன்.

2022-இல் ரஷ்யா முழுப் படையெடுப்பில் இறங்கிப் போர் பெரிதானதும் பேனாவை வைத்துவிட்டு ராணுவத்தில் சேர்ந்தாராம், காயமும் பட்டிருக்கிறது. எழுதுகிறவன் துப்பாக்கி எடுக்கலாமா என்று நீ கேட்பாய். எனக்கும் அது நெருடத்தான் செய்கிறது. ஆனால் 962 நாள் இருந்தவரிடம் போய் அதை நான் கேட்க மாட்டேன்.

சரி, உன் பேத்தி கல்யாணம் தை மாதத்தில் என்று எழுதியிருந்தாய். பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன் புரூஃபை எனக்கு அனுப்பு. போன தடவை உன் பையன் கல்யாணப் பத்திரிகையில் ‘சுற்றமும் நட்பும்’ சூழ வரவேண்டிய இடத்தில் ‘குற்றமும் நட்பும்’ சூழ வந்தது. இப்போது கண் புதுசு, தப்பாது.

அன்புடன்,
உன் பழைய புரூஃப்காரன்