பவுசர் ஹோஸின் வாய் எங்கே கிடக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் இருபத்தைந்து வருடமாக மட்டக்களப்பில் பிளம்பர் வேலை செய்கிறவன். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள், ஆனால் விஷயத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கல்லடிப் பக்கம் ஒரு வீட்டில் மீற்றரடியில் ஒழுகிக்கொண்டிருந்த இணைப்பைச் சரிசெய்துவிட்டு வெளியே வருகிறேன், வீதியோரத்து ஹைட்ரன்டில் ஹோஸைப் பூட்டி ஒரு பவுசர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நிற்கிறது. வீதி வேலைக்குப் புழுதி அடக்கத் தண்ணீர் தெளிக்கிற தாங்கி லொறி. யாருடையது என்று எழுதப்போவதில்லை. ஹைட்ரன்ட் என்றால் விளங்காதவர்களுக்காகச் சொல்கிறேன், எங்காவது தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி தண்ணீர் எடுப்பதற்காக வீதிக் குழாயிலிருந்து மேலே எழுப்பி, சிவப்புப் பூசி நிறுத்தியிருப்பார்களே, அதுதான். சில இடங்களில் அது மண்ணுக்குள் ஒரு குழியில் இருக்கும், மேலே இரும்பு மூடி.

டிரைவர் தேத்தண்ணிக் கடையில் நின்றார். நான் பழக்கதோஷத்தில் ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹோஸின் வாய் தண்ணீருக்குள்ளே ஒரு முழம் கீழே கிடக்கிறது. சுவரெல்லாம் பாசி, அடியில் சேறு, மேலே எண்ணெய் மினுங்குகிறது. கடைசியாக எங்கே தண்ணீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன். “காலைல தோணாவில எடுத்தம் அண்ணே, அது போதாமப் போயிட்டு” என்றார். தோணா என்றால் ஊர் மழைத்தண்ணீரும் ஊத்தையும் வடிந்து சேர்கிற வாய்க்கால், அந்தத் தண்ணீர் எப்படிப்பட்டது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஹோஸை மேலே தூக்கிக் கட்டு தம்பி, வாய் தண்ணீரில் படக்கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “தண்ணி உள்ளுக்குத்தானே வருது, மறுகா எப்படிண்ணே வெளிய போகும்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். அந்தத் தம்பியில் பிழையில்லை. என்னோடு தொழில் செய்கிற ஆட்களிலேயே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2022 இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரு மோட்டார் சைக்கிள் டாங்கியில் இருந்ததை இன்னொன்றுக்கு மாற்றச் சின்ன ரியூப் ஒன்றைப் போட்டு, வாயால் ஒரு இழுப்பு இழுத்துக் கீழே விட்டால் போதும், பிறகு அது தன்பாட்டில் ஓடும், ரியூப்பின் வாய் பெற்றோலுக்கு மேலே வரும்வரைக்கும் நிற்காது. பவுசரும் அதேதான். தாங்கி உயரத்தில் இருக்கிறது, வீதிக் குழாய் மண்ணுக்குள் கீழே இருக்கிறது, நடுவில் ஹோஸ், ஹோஸின் வாய் அழுக்குத் தண்ணீருக்குள். வீதிக் குழாயில் அழுத்தம் இருக்கிற வரைக்கும் தண்ணீர் மேலே ஏறும். அழுத்தம் விழுந்த அந்த நிமிடமே ஓட்டம் திரும்பிவிடும். வாயால் இழுக்கிற வேலையைக் காலியாகிற குழாய் தானே செய்துகொள்ளும்.

அழுத்தம் ஏன் விழப்போகிறது என்று கேட்கலாம். எத்தனையோ காரணம். வடிகான் வெட்டுகிற ஜேசிபி பெரிய குழாயை உடைக்கும், திருத்த வேலைக்கு வால்வைப் பூட்டுவார்கள், பம்புக்குக் கரண்ட் நிற்கும். எல்லாவற்றிலும் மோசமானது தீப்பிடிக்கிற நேரம்தான். ஒரு சாதாரண தீயணைப்பு வண்டியின் பம்பு நிமிடத்துக்கு ஆயிரம் லீற்றருக்கு மேல் இழுக்கக்கூடியது. நாங்கள் பெரும்பாலும் மூன்று நான்கு அங்குலக் குழாயில் தண்ணீர் குடிக்கிற ஆட்கள், அதில் ஒரு முனையில் அப்படி இழுத்தால் மற்ற இடங்களில் என்ன மிஞ்சும்? அன்று அந்தப் பவுசர் நின்ற நேரத்தில் அரைக் கட்டை தூரத்தில் ஒரு கடை எரிந்திருந்தால், தோணாத் தண்ணீர் எந்தெந்த வீட்டுக் குசினிக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது என் கற்பனையில்லை. 1969 இல் அமெரிக்காவில் வூஸ்டர் என்ற ஊரில் ஹோலி குறொஸ் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்கு நடந்தது (அவர்கள் உதைபந்து என்பது கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற விளையாட்டு, அது வேறு கதை). மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கிற குழாய்கள் நிலத்துக்குள் சின்னக் குழிகளில் இருந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குச் செங்கமாரி (மஞ்சள் காமாலை), அவர்கள் விளையாடின இடத்துத் தண்ணீர் அந்தக் குழிகளில் தேங்கி நின்றது. கிட்ட ஓரிடத்தில் தீப்பிடித்து ஹைட்ரன்ட்களில் தண்ணீரை இழுக்க, மைதானத்துக் குழாயில் அழுத்தம் விழுந்து, குழியில் நின்றதைக் குழாய் உள்ளே உறிஞ்சிவிட்டது. பயிற்சி முடிந்த பெடியன்கள் அதே குழாயில் வந்த பைப்பில் வாயை வைத்துக் குடித்தார்கள். அணியில் 90 பேர்வரைக்கும் செங்கமாரிக் கிருமி தொற்றியது, இரண்டு ஆட்டத்தோடு அந்த வருடத்துப் போட்டிகளை நிறுத்திவிட்டார்கள். தீ எங்கோ, குழி எங்கோ, ஹைட்ரன்டைத் திறந்தவனுக்கு மைதானம் என்று ஒன்று இருக்கிறதே தெரிந்திருக்காது.

2007 நவம்பரில் பின்லாந்தில் நொக்கியா ஊரில் நடந்தது இன்னொரு மாதிரி (ஓம், கைத்தொலைபேசிக்குப் பெயர் வந்த அதே ஊர்தான்). கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்தில், சுத்திகரித்த கழிவுநீர் போகிற குழாய்க்கும் குடிதண்ணீர்க் குழாய்க்கும் நடுவே ஒரு வால்வு இருந்தது. திருத்த வேலைக்கு யாரோ அதைத் திறந்தார்கள், மூட மறந்தார்கள். எட்டாயிரம் பேருக்கு மேல் வயிற்றோட்டம், வாந்தி. அது பணக்கார நாடு, படித்த பொறியியலாளர்கள் இருக்கிற ஊர். ஒரேயொரு வால்வு.

நொக்கியாவில் நடந்தது உறிஞ்சல் இல்லை, தள்ளல். அதுவும் ஹைட்ரன்டில் நடக்கலாம். வீதிக் குழாயில் இரண்டு மூன்று பார் அழுத்தம் இருந்தாலே எங்களுக்குப் பெருநாள், பத்து மீற்றர் உயரத்துக்குத் தண்ணீரை ஏற்றுவதற்கு ஒரு பார் வேண்டும். தீயணைப்பு பம்பு ஏழு, எட்டு, பத்து பாரில் தள்ளும். வாவியிலிருந்தோ கிணற்றிலிருந்தோ பம்பு இழுத்துக்கொண்டிருக்கும்போது ஹைட்ரன்டோடு பூட்டின ஹோஸும் திறந்தபடி கிடந்தால், இடையில் திரும்ப விடாத ஒருவழி வால்வும் இல்லாவிட்டால், வாவித் தண்ணீரை நேரே வீதிக் குழாய்க்குள் தள்ளுகிற வேலையைத்தான் அந்தப் பம்பு செய்யும். நுரை கலந்து அடிக்கிற நேரமென்றால் நுரை மருந்தும் சேர்ந்து போகும்.

எங்கள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் எவ்வளவு பாடுபட்டு வந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். கிணறு தோண்டினால் தண்ணீர் வரும், ஆனால் பத்தடி தள்ளி மலசலகூடக் குழி இருக்கும். 2004 சுனாமியோடு கரையோரக் கிணறுகள் எல்லாம் உவராகிப்போய் பவுசர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நின்றோம். இப்போது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்து வாவியைக் கடந்து கொண்டுவருகிறார்கள், அம்பாறைப் பக்கத்தாருக்குக் கொண்டவட்டவான் குளம். அவ்வளவு தூரம் சுத்தமாக வந்த தண்ணீரைக் கடைசி நூறு யாரில் ஒரு பாசி பிடித்த பவுசர் கெடுக்கலாம் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

குளோரின் இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. பைப்பில் வருகிற தண்ணீரில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அது குழாயில் தற்செயலாக நுழைகிற கிருமிக்குப் போதும். சேறும் சாணியும் கலந்த தண்ணீர் மொத்தமாக உள்ளே வந்தால் அந்தக் குளோரின் ஊத்தையோடு சண்டை பிடித்தே முடிந்துபோகும். டீசலும் களைநாசினியும் வந்தால் குளோரினை நம்பியிருக்க முடியாது.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுப் பைப்பில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. பவுசர் அழுக்குத்தான் வந்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஹைட்ரன்டைச் சடாரென்று முழுதாகத் திறந்தால், குழாயின் அடியில் வருடக்கணக்காகப் படிந்து கிடக்கிற துரு, மண் எல்லாம் கிளம்பித்தான் வரும், பெரும்பாலும் அது அதுவாகவே இருந்திருக்கும். சடாரென்று பூட்டினால் அதைவிடக் கெடுதி, ஓடிவருகிற தண்ணீர் முட்டி எங்காவது பழைய இணைப்பை உடைக்கும், அந்த வெடிப்பு பிறகு அழுக்கு நுழைகிற வாசலாகிவிடும். மெல்லத் திறந்து மெல்லப் பூட்டவேண்டும் என்பது தீயணைப்புக்காரருக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கிற விஷயம். பவுசர் டிரைவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? அவர் கையில் பைப் ரெஞ்ச்தான் இருந்தது, ஹைட்ரன்ட் சாவியே இல்லை.

வாடை மழைக் காலத்தில் இன்னொரு பிரச்சினை. மண்ணுக்குள் குழியில் இருக்கிற ஹைட்ரன்ட்கள், குழாயிலிருந்து காற்றை வெளியே விடவும் அழுத்தம் விழுந்தால் உள்ளே விடவும் வைத்த காற்று வால்வுக் குழிகள் எல்லாம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் வீதியே தெரியாமல் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்த நேரம் குழாயில் அழுத்தம் நின்றால், காற்று வால்வு காற்றுக்குப் பதிலாக வெள்ளத் தண்ணீரைத்தான் உள்ளே விடும். அதனால் குழியின் வாயைத் தரையைவிட உயர்த்திக் கட்டுவதும், ஹைட்ரன்டின் வாய்க்கு மூடி போட்டு வைப்பதும் சின்ன வேலை இல்லை. நான் சைக்கிளில் போகும்போது பார்க்கிற ஹைட்ரன்ட்களில் மூடி இல்லாதவையே அதிகம். பித்தளை என்று கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள் போல.

சரி, தீயணைப்புப் படையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். வீடு எரிகிற நேரத்தில் ஹோஸின் வாய் எங்கே என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, அவர்களுக்கு ஹைட்ரன்ட் கட்டாயம் வேண்டும், இன்னும் அதிகமாகவே வேண்டும். ஆனால் வண்டியின் தாங்கியை நிரப்புகிற குழாயை மேலே உயர்த்திப் பொருத்திவிட்டால், குழாயின் வாய்க்கும் தண்ணீர் மட்டத்துக்கும் நடுவில் எப்போதும் காற்று இருக்கும். எங்கள் தொழிலில் கணக்கு, குழாயின் விட்டத்தைப்போல இரண்டு மடங்கு இடைவெளி, இரண்டரை அங்குல ஹோஸென்றால் ஐந்து அங்குலம். காற்றைத் தாண்டி எந்தத் தண்ணீரும் திரும்பிப் போகாது. இதுக்கு வால்வும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், பழுதாகவும் மாட்டாது. வாவியில் போடுகிற உறிஞ்சு ஹோஸையும் ஹைட்ரன்டில் பூட்டுகிற ஹோஸையும் வேறு வேறாக வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பவுசர்களுக்குத்தான் நான் கறாராகச் சொல்வேன். ஹைட்ரன்டில் அவர்கள் கை வைக்கவே கூடாது. நகரத்தில் இரண்டு மூன்று இடத்தில் உயரமான வளைகுழாய் வைத்து, மீற்றர் பூட்டி, ஒருவழி வால்வும் போட்டு, இங்கேதான் நிரப்பவேண்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. தண்ணீருக்குக் காசும் வரும், களவும் நிற்கும். ஹைட்ரன்ட் சாவி நீர் வழங்கல் சபையிடமும் தீயணைப்புப் பிரிவிடமும் மட்டும் இருக்கட்டும். வேறு யாராவது திறக்கக் கண்டால் சபையின் 1939 இலக்கத்துக்குச் சொல்லுங்கள்.

வீடுகளிலும் இதே கதை நடக்கிறது என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. வயலுக்குப் போகிற அண்ணன்மார் முதுகில் போடுகிற மருந்து டாங்கியை வீட்டுப் பைப்படியில் வைத்து, உள்ளே களைநாசினியை ஊற்றிவிட்டு, ரப்பர் ஹோஸை அடிவரைக்கும் விட்டுத் திறந்துவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். நான் எத்தனையோ வீட்டில் கண்டிருக்கிறேன். குழாய்த் தண்ணீர் போதவில்லை என்று மீற்றருக்குப் பிறகு நேரே மோட்டாரைப் பூட்டி இழுக்கிறவர்களும் உண்டு, அவர் இழுக்கிற இழுவையில் பக்கத்து வீட்டுக் குழாய் காலியாகும், பக்கத்து வீட்டு ஹோஸ் அந்த மருந்து டாங்கிக்குள் கிடந்தால் என்னாகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பவுசர் தம்பிக்கு அன்று ஒரு துண்டு நைலோன் கயிறு கொடுத்து, ஹோஸை மூடியின் வளையத்தோடு சேர்த்து நானே கட்டிவிட்டு வந்தேன். இரண்டு நிமிட வேலை. போன கிழமை அதே பவுசரைக் கண்டேன், கயிறு அப்படியே இருக்கிறது, ஹோஸ் மேலேதான் தொங்குகிறது. ஆனால் இன்னும் ஹைட்ரன்டில்தான் நிரப்புகிறார்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
கல்லடி, மட்டக்களப்பு.